பாதியில் நின்ற மசில் காரை வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் 1960-களின் மசில் கார் ஒன்றை, யாரோ பிரித்துப் போட்டு முடிக்காமல் விட்ட நிலையில் வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மிச்சிகன் பக்கம் கார் கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம்மவர்கள் நிறையப் பேர். ஆகஸ்ட் மாதம் டெட்ராய்ட்டை ஒட்டிய ஊர்களில் நடக்கும் உட்வர்ட் ட்ரீம் க்ரூஸ் என்ற பழைய கார் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு வந்ததும் அவர்களில் சிலருக்கு இந்த ஆசை வந்துவிடுகிறது. நல்ல ஆசைதான். ஆனால் இந்தச் சந்தையில் பணம் போகிற வழிகள் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கேட்கப்படும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

மசில் கார் என்றால் எந்தெந்த வண்டிகள்?

நடுத்தர அளவில் இரண்டு கதவு வண்டி, அதற்குள் பெரிய காருக்கான வி8 எஞ்சின், மாதச் சம்பளக்காரர் எட்டிப்பிடிக்கக்கூடிய விலை. 1964-ல் வந்த பான்டியாக் ஜி.டி.ஓ.விலிருந்துதான் பெரும்பாலானவர்கள் கணக்கை ஆரம்பிப்பார்கள். நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் தனக்குள் விதி வைத்திருந்தது. அதன் கிளையான பான்டியாக்கின் ஆட்கள் 389 கன அங்குல எஞ்சினை டெம்பெஸ்ட் லெமான்ஸ் வண்டிக்கு 'ஆப்ஷன்' என்ற பெயரில் கொடுத்து அந்த விதியைத் தாண்டினார்கள். அப்புறம் போட்டி சூடுபிடித்தது. பிளைமவுத் ரோட் ரன்னர், டாட்ஜ் சார்ஜர் ஆர்/டி, ஓல்ட்ஸ்மொபைல் 442, பியூயிக் ஜி.எஸ். என்று வரிசையாக வந்தன. 1970-ல் வந்த செவர்லேயின் செவெல் எஸ்.எஸ். 454 வண்டியின் எல்.எஸ்.6 எஞ்சின் 450 குதிரைத்திறன் என்று அறிவிக்கப்பட்டது. 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் ஈயமில்லாத பெட்ரோலுக்காகக் கம்ப்ரஷனைக் குறைத்தது. இன்சூரன்ஸ் தொகை ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியோடு அந்தக் காலம் முடிந்தது.

மஸ்டாங், கமாரோ, ஃபயர்பேர்ட், பாரக்குடா, சேலஞ்சர் ஆகியவற்றைத் தனி வகையாகச் சொல்பவர்கள் உண்டு. வாங்குகிறவருக்கு அந்த வேறுபாடு பெரிதில்லை. கவனிக்க வேண்டியவை எல்லாம் ஒன்றேதான்.

ஓடுகிற வண்டியே கிடைக்கும்போது பாதியில் நின்றதை ஏன் வாங்க வேண்டும்?

பணம் மிச்சமாகும் என்பது காரணமென்றால், வாங்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முழுதாக முடித்த வண்டியை வாங்கினால், அதைச் செய்தவர் போட்ட பணத்தைவிடக் குறைவாகவே பெரும்பாலும் கொடுப்பீர்கள். பாதியில் நின்றதை வாங்கினால், மீதிச் செலவு முழுக்க உங்கள் கையிலிருந்து போகும்.

வேலை செய்வதில் விருப்பம் இருக்கிறது, வெல்டிங் கற்றுக்கொள்ள வேண்டும், பெயின்ட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்து வாங்க வேண்டும் என்றால், அவை உண்மையான காரணங்கள். பளபளவென்று பெயின்ட் அடித்து வந்து நிற்கும் வண்டியில் தகட்டின் நிலை தெரியாது. பிரித்துப் போட்ட வண்டி எதையும் மறைக்க முடியாமல் நிற்கும். அதைப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது பெரிய லாபம்.

விற்பவர் "எழுபது சதவீத வேலை முடிந்துவிட்டது" என்கிறார். அதை எப்படி எடுத்துக்கொள்வது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். செய்யாமல் விட்ட வேலையைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. அது கண்ணுக்குத் தெரியும், விலை போட்டுவிடலாம். செய்து முடித்ததாகச் சொல்லப்படும் வேலைதான் ஆபத்து. அது சரியில்லை என்றால் முதலில் அதைப் பிரிக்க ஒரு செலவு, திரும்பச் செய்ய இன்னொரு செலவு. அதனால் என் வழக்கம் இது: ரசீதோ, படமோ, நேரில் பார்க்கும்படியான தரமோ இல்லாத எந்த வேலைக்கும் நான் ஒரு டாலர்கூட மதிப்புப் போடுவதில்லை.

அடிக்கடி பார்க்கும் மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது ப்ரைமர், அதாவது பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு. வண்டி முழுக்கச் சாம்பல் நிறத்தில் அழகாக நிற்கும், பெயின்ட் மட்டும்தான் பாக்கி என்பார்கள். சாதாரண ப்ரைமர் ஈரத்தை உள்ளே விடும். மேலே பெயின்ட் இல்லாமல் சில வருடம் கொட்டகையில் நின்றிருந்தால் அதற்கடியில் துரு பிடித்திருக்கும். எப்பாக்ஸி ப்ரைமர் அடித்திருந்தால் நிலைமை தேவலை. என்ன ப்ரைமர், எந்த வருடம், எங்கே வைத்திருந்தீர்கள் என்று மூன்றையும் கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால், வெறும் தகடு வரை சுரண்டி மறுபடி ஆரம்பிக்க வேண்டும் என்றே கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது, புதிதாக வெல்டிங் செய்த தகடுகள். பின் சக்கரத்தைச் சுற்றியுள்ள குவார்ட்டர் பேனல் புதிது என்று காட்டுவார்கள். டிக்கிக்குள் தலையை விட்டு உள்பக்கமாகப் பாருங்கள். பழைய துருப்பிடித்த தகட்டை வெட்டாமல் அதன் மேலேயே புதிய தகட்டை ஒட்டியிருந்தால், இரண்டுக்கும் நடுவில் ஈரம் தங்கி அரித்துக்கொண்டே இருக்கும். தரையையும் ராக்கரையும் (கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பகுதி) மாற்றியிருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கதவு வாசலுக்குக் குறுக்கே தற்காலிக இரும்புத் தாங்கல் வைக்காமல் தரையை வெட்டினால் பாடி தொய்ந்துவிடும். கதவை மாட்டி மெதுவாகச் சாத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்: மேலே இடைவெளி ஒரு மாதிரி, கீழே வேறு மாதிரி இருக்கும். இப்படித் தொய்ந்த பாடியைச் சரிசெய்ய, செய்த வெல்டிங்கை எல்லாம் மறுபடி வெட்ட வேண்டும். கதவுகள் மாட்டாமல் ஓரமாகச் சாய்த்து வைத்திருந்தால், மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் அந்த இடைவெளி கெட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பெட்டிகள். பிரித்தவருக்குத்தான் எது எங்கே போகும் என்று தெரியும். போல்ட்டுகள் ஒரு காபி டின்னில் மொத்தமாகக் கிடந்தால், அவற்றைப் பிரித்து அடையாளம் காண்பதிலேயே உங்கள் வார இறுதிகள் போய்விடும். பைகளில் போட்டுப் பெயர் எழுதி, பிரிக்கும்போது படமும் எடுத்து வைத்திருக்கிறார் என்றால் அந்த மனிதரின் மற்ற வேலையும் பெரும்பாலும் நம்பும்படி இருக்கும். அந்தப் பைகளுக்கு நான் தாராளமாகக் கூடுதல் விலை கொடுப்பேன்.

துருவை எங்கே தேட வேண்டும்?

ஒரு காந்தம், ஒரு டார்ச், முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவர், படுத்துப் பார்க்க ஒரு பாய். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, சக்கர வளைவைச் சுற்றியும் கதவின் அடிப்பகுதியிலும் பின் பக்கக் கீழ்ப்பகுதியிலும் நகர்த்துங்கள். பிடிப்பு விட்டுப்போகும் இடத்தில் பட்டி கனமாகப் பூசியிருக்கிறது. கூரையும் பின் பக்கமும் சேரும் இடத்தில் தொழிற்சாலையிலேயே ஈயம் வைத்து இழைத்திருப்பார்கள், அங்கே காந்தம் பிடிக்காததைக் குறையாக எடுக்க வேண்டாம்.

எல்லா மாடலுக்கும் பொதுவான இடங்கள்: தரை, டிக்கித் தரை, பின் கண்ணாடியின் கீழ் விளிம்பு. கூரையில் வினைல் உறை போட்ட வண்டியாக இருந்தால் பின் கண்ணாடியைச் சுற்றிக் கூடுதல் கவனம் தேவை, உறைக்கடியில் தண்ணீர் தங்கும். இதற்கு மேல் ஒவ்வொரு வண்டிக்கும் தனி பலவீனம் உண்டு.

1965 முதல் 1968 வரையான மஸ்டாங்கில் முன் கண்ணாடிக்குக் கீழே காற்று உள்ளே போகும் பெட்டி மாதிரி ஒரு பகுதி இருக்கிறது. அதை 'கவ்ல்' என்பார்கள். அது அரித்திருந்தால் மழைத் தண்ணீர் நேராக ஓட்டுநர் காலடியில் இறங்கும். ஒரு குடம் தண்ணீரை அங்கே ஊற்றிவிட்டு டாஷ்போர்டுக்கு அடியில் பார்த்தால் போதும். சரிசெய்வதென்றால் நூற்றுக்கு மேல் ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்து மேல் தகட்டை எடுக்க வேண்டியிருக்கும். மஸ்டாங்கிலேயே ஷாக் டவர் (முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் பகுதி), டார்க் பாக்ஸ் (தரையையும் ஓரச் சட்டங்களையும் இணைக்கும் பெட்டி) இரண்டையும் பாருங்கள். தனி சேஸிஸ் இல்லாத வண்டி அது, அந்த இடங்கள்தான் பாரம் தாங்குகின்றன.

பிளைமவுத், டாட்ஜ் ஆகிய கிறைஸ்லர் வண்டிகளுக்கும் தனி சேஸிஸ் கிடையாது. முன் சஸ்பென்ஷனுக்குச் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் டார்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பி இருக்கும். அதன் பின் முனையைத் தாங்கும் குறுக்குச் சட்டம் தரைக்கு அடியில் இருக்கிறது. அது அரித்திருந்தால் வண்டியை விட்டுவிடுவதே நல்லது, அல்லது அந்த வேலை தெரிந்த பட்டறையின் விலையைக் கேட்டபின் பேசுங்கள்.

செவெல், ஜி.டி.ஓ., 442 போன்றவற்றில் பாடி தனி, சேஸிஸ் தனி. பின் சக்கரத்துக்கு மேலும் பின்னாலும் போகும் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். இந்த வண்டிகளில் சேஸிஸ் கெட்டாலும் வேறு சேஸிஸ் மாற்ற வழி உண்டு. முதல்முறை செய்பவருக்கு அது ஒரு ஆறுதல். கமாரோவும் ஃபயர்பேர்டும் நடுவில்: முன்னால் மட்டும் கழற்றக்கூடிய சப்ஃப்ரேம்.

குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடும் மாநிலங்களின் வண்டிக்கும் அரிசோனா வண்டிக்கும் துருவில் வானத்துக்கும் பூமிக்குமான தூரம். அரிசோனாவில் வெயில் சீட்டையும் டாஷையும் வெடிக்க வைத்திருக்கும். அவற்றைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம். அதே மாடலில் இரண்டு வண்டி இருந்தால், 2,000 டாலர் கூடுதலாகக் கொடுத்து லாரியில் ஏற்றி வரச் செய்தாலும் வறண்ட ஊர் வண்டியே மலிவாக முடியும்.

எஞ்சின் ரீபில்ட் செய்து வைத்திருக்கிறார்களாம். நல்லதுதானே?

எந்த மெஷின் ஷாப், சிலிண்டர் துளையை எவ்வளவு பெரிதாக்கினார்கள், என்ன பிஸ்டன், என்ன கேம்ஷாஃப்ட் என்று ரசீதில் இருந்தால் நல்லது. வாய்வார்த்தை மட்டும் என்றால் அதைத் திரும்பப் பிரிக்க வேண்டிய எஞ்சினாக எண்ணிக்கொள்ளுங்கள். முழுதாகப் பொருத்தி வைத்துப் பல வருடம் ஓடாத எஞ்சினில் பாகங்களுக்குப் பூசிய மசகு வடிந்திருக்கும், சிலிண்டர் சுவரில் துரு படிந்திருக்கலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியே சிறிய கேமரா விட்டுப் பார்க்கலாம். கிராங்க்கை நீளமான கைப்பிடியால் சுற்றிப் பார்க்கவும் கேளுங்கள். ஸ்டார்ட் செய்து காட்டுகிறேன் என்று ஆர்வமாகச் சாவியைத் திருப்ப வந்தால் தடுத்துவிடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு, டிரில் மெஷினால் ஆயில் பம்பைச் சுற்றி எல்லா இடத்துக்கும் ஆயில் ஏற்றிய பிறகுதான் முதல் ஸ்டார்ட்.

அந்தக் காலத்து எஞ்சின்களில் ஃப்ளாட் டேப்பெட் கேம் (தட்டையான அடியுள்ள டேப்பெட்டோடு உரசி ஓடும் கேம்ஷாஃப்ட்) இருக்கும். புதுக் கேம் என்றால் முதல் ஸ்டார்ட்டிலேயே 20 நிமிடம் 2,000 சுற்றுக்கு மேல் ஓட்டிப் பழக்க வேண்டும். துத்தநாகச் சேர்மம் போதுமான அளவு உள்ள ஆயிலும் வேண்டும். இதைத் தவறவிட்டால் கேம் தேய்ந்து, அந்த இரும்புத் தூள் பேரிங்குகளுக்குள் எல்லாம் போய்விடும்.

இவ்வளவு சொன்னாலும், எஞ்சின் என் பட்டியலில் கடைசியில்தான் இருக்கிறது. வி8 எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் அமெரிக்காவில் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். செலவு எவ்வளவு என்று முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். பாடி வேலைக்கு அப்படி யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

டைட்டில் இல்லை, விற்பனைச் சீட்டு மட்டும்தான் இருக்கிறது. வாங்கலாமா?

டைட்டில் என்பது நம் ஊர் ஆர்.சி. புக் மாதிரி, மாநில அரசு தரும் உரிமைப் பத்திரம். அது விற்பவரின் பெயரில், வங்கிக் கடன் பாக்கி எதுவும் இல்லாமல், வண்டியில் உள்ள வின் நம்பரோடு (ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அடையாள எண்) ஒவ்வொரு எழுத்தும் பொருந்தும்படி இருக்க வேண்டும். பாதியில் நின்ற வண்டிகள் கை மாறிக்கொண்டே வருபவை. மூன்று பேருக்கு முந்தைய உரிமையாளர் பெயரிலேயே டைட்டில் கிடப்பது சகஜம். அதைச் சரிசெய்து தரும் பொறுப்பு விற்பவருடையது. நீங்கள் பணம் கொடுத்த பிறகு அவருக்கு அதில் அவசரம் இருக்காது.

விதிவிலக்கு உண்டு. நியூயார்க் மாநிலம் 1972 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு டைட்டிலே தருவதில்லை, பதிவுச் சான்றைத்தான் கைமாற்றுவார்கள். அங்கிருந்து வரும் வண்டிக்கு அது போதும். உங்கள் மாநில வாகனத் துறை அதை ஏற்குமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். டெக்சாஸ் போன்ற சில மாநிலங்களில் ஈட்டுறுதிப் பத்திரம் கட்டி டைட்டில் வாங்கலாம். டெக்சாஸில் வண்டி மதிப்பின் 1.5 மடங்குத் தொகைக்கு அந்தப் பத்திரம் எடுக்க வேண்டும், அது மூன்று ஆண்டு நிற்கும். இடையில் உண்மையான உரிமையாளர் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துவிட்டு இறங்குங்கள்.

17 எழுத்து வின் நம்பர் வந்ததே 1981 மாடலிலிருந்துதான். அதனால் நாம் புதிய கார்களுக்குப் பார்க்கும் இணைய வரலாற்று அறிக்கைகள் இந்த வண்டிகளுக்கு உதவாது. நம்பர் தகடு பிடுங்கி ஒட்டியதுபோலவோ ரிவெட் மாறியதுபோலவோ இருந்தால் தொடாதீர்கள். வின் நம்பரை மாற்றுவது அங்கே கூட்டாட்சிக் குற்றம், ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. பறிமுதல் ஆகும் வண்டிக்கு உங்கள் பணம் திரும்பாது.

உண்மையான எஸ்.எஸ்., உண்மையான ஜி.டி.ஓ. என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஒவ்வொரு கம்பெனிக்கும் வழி வேறு. சாதாரண வண்டியில் பேட்ஜும் கோடும் ஒட்டி உயர்ந்த மாடலாக விற்பது இந்தச் சந்தையில் பல்லாண்டுகளாக நடக்கிறது. விலை வித்தியாசம் இரட்டிப்புக்கு மேல் போகலாம் என்பதால் இதற்கு நேரம் ஒதுக்குவது வீணாகாது.

கிறைஸ்லர் வண்டிகள்தான் சுலபம். வின் நம்பரின் ஐந்தாவது எழுத்து எஞ்சினைச் சொல்லிவிடும். 1970, 1971 மாடல்களில் அது 'ஆர்' என்றால் 426 ஹெமி, 'வி' என்றால் மூன்று கார்புரேட்டர் வைத்த 440. 1968, 69-ல் ஹெமிக்கு 'ஜே'. எஞ்சின் அறைக்குள் உள்மட்கார்டில் ஒரு சிறிய தகட்டில் நிறமும் ஆப்ஷன்களும் பொறித்திருக்கும். சீட் ஸ்பிரிங்குக்குள், அந்த வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்று எழுதிய தொழிற்சாலைத் தாள் கிடைத்தால் அது தங்கம். பழைய சீட்டைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள், பெட்ரோல் டேங்க்கின் மேல்பக்கத்தையும் பாருங்கள்.

ஃபோர்டிலும் ஐந்தாவது எழுத்துதான். 1969, 70 மஸ்டாங்கில் 'கியூ', 'ஆர்' இரண்டும் 428 கோப்ரா ஜெட், 'ஜி' என்றால் பாஸ் 302, 'இசட்' என்றால் பாஸ் 429. 1967 முதலான ஃபோர்டு தயாரிப்புத் தரவுகளை வைத்து 'மார்ட்டி ரிப்போர்ட்' என்ற அறிக்கை கிடைக்கிறது. வண்டி எந்த நிறத்தில், என்ன ஆப்ஷனோடு வெளியே வந்தது என்று அதில் இருக்கும். வண்டி பார்க்கப் போகும் முன்பே வாங்கிவிடுங்கள்.

பான்டியாக்குக்கு பி.எச்.எஸ். என்ற ஆவண சேவை 1961 முதல் 1986 வரையான வண்டிகளின் தொழிற்சாலைப் பதிவைத் தருகிறது. 1966 முதல் 1971 வரை ஜி.டி.ஓ.வின் வின் நம்பர் 242 என்று ஆரம்பிக்கும். 237 என்று ஆரம்பித்தால் அது லெமான்ஸ். 1964, 65-ல் ஜி.டி.ஓ. வெறும் ஆப்ஷன் என்பதால் நம்பரை வைத்துச் சொல்ல முடியாது, அந்தப் பதிவு ஒன்றே வழி.

செவர்லேதான் தலைவலி. 1966 முதல் 1968 வரை செவெல் எஸ்.எஸ். 396-க்கு 138 என்ற தனித் தொடர் இருந்தது. 1969-லிருந்து எஸ்.எஸ். ஆப்ஷன் ஆகிவிட்டது. முதல் தலைமுறைக் கமாரோவிலும் வின் நம்பர் ஆறு சிலிண்டரா வி8-ஆ என்பதை மட்டுமே சொல்லும், எஸ்.எஸ். என்று சொல்லாது. அமெரிக்காவில் விற்ற செவர்லேக்களுக்கு வண்டிவாரியாகத் தொழிற்சாலைப் பதிவும் கிடைப்பதில்லை, கனடாவில் விற்றவற்றுக்கு உண்டு. ஆகவே தொழிற்சாலைத் தாளோ பழைய விற்பனை ஆவணமோ இல்லாத செவெல் எஸ்.எஸ்., என் கணக்கில் சாதாரண மாடலான செவெல் மாலிபு. மாலிபு விலைக்குக் கிடைத்தால் சந்தோஷமாக வாங்கலாம்.

எஞ்சின் நம்பர் வண்டியின் நம்பரோடு பொருந்தியே ஆக வேண்டுமா?

ஓட்டி மகிழ்வதற்கு வேண்டாம். முதலீடாகப் பார்ப்பவருக்கு வேண்டும். 1968-லிருந்து பொதுவாக எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் வின் நம்பரின் ஒரு பகுதியைப் பொறித்திருப்பார்கள். மெஷின் ஷாப்பில் பிளாக்கின் மேற்பரப்பைச் சமப்படுத்தும்போது செவர்லே எஞ்சின்களில் அந்தப் பொறிப்பு அழிந்துபோகலாம். புதிதாகப் பொறித்து ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். நம்பர் பொருத்தத்துக்காகக் கூடுதல் விலை கேட்டால், அந்த மாடலை அறிந்த மூன்றாவது ஆளிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

பாகங்கள் கிடைக்குமா? முதல்முறை என்றால் எந்த மாடல்?

1967–69 கமாரோ, 1965–70 மஸ்டாங், 1968–72 செவெல். இந்த மூன்றுக்கும் புதிதாகத் தயாரித்த தகடு, சீட் உறை, ஒயரிங், ரப்பர் எல்லாம் கேட்லாக் பார்த்து வாங்கலாம். கமாரோவுக்கும் மஸ்டாங்குக்கும் முழுப் பாடியையே புதிதாகச் செய்து விற்கிறார்கள். ஓல்ட்ஸ்மொபைல், பியூயிக், மெர்க்குரி, ஏ.எம்.சி. ஜாவலின் ஆகியவை அழகான வண்டிகள், மலிவாகவும் கிடைக்கும். ஆனால் ஒரு பின்விளக்குச் சட்டத்துக்காக மாதக்கணக்கில் அலைய நேரும்.

எந்த மாடலானாலும், காணாமல் போன சின்னச் சாமான்கள்தான் பணத்தைத் தின்னும்: கண்ணாடியைச் சுற்றிய பளபளப்புப் பட்டை, கிரில், ஜன்னல் ஏற்றி இறக்கும் பொறி, சீட் சட்டம், ஆல்டர்னேட்டர் பிராக்கெட், புல்லி, ஏர் கிளீனர். கன்வர்ட்டிபிள் என்றால் கூரையின் மடிப்புச் சட்டம். தொழிற்சாலை அசெம்பிளி மேனுவலின் மறுபதிப்பு கிடைக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு விற்பவரின் முன்னால் பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள். பாதி நாள் போகும். விலை பேசும்போது இதைவிட வலுவான ஆயுதம் இல்லை.

விலையை எப்படி முடிவு செய்வது?

பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். முடிந்த வண்டி என்ன விலைக்குப் போகும் என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பழைய கார்களின் மதிப்பைக் கணிக்கும் ஹேகர்ட்டி நிறுவனத்தின் விலைப்பட்டியல் வண்டிகளை ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரிக்கிறது. ஒன்று காட்சிக்கு வைப்பது, நான்கு குறைகளோடு ஓடுவது. நீங்களே வேலை செய்தால் வரக்கூடியது மூன்றாம் தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 45,000 டாலர் என்று எடுத்துக்கொள்வோம். பாடி, பெயின்ட், எஞ்சின், சீட், குரோம் எல்லாவற்றுக்கும் விலை கேட்டு எழுதிக் கூட்டினால் 32,000 வருகிறது. பிரித்த பிறகு தெரியவரும் கோளாறுகளுக்காக அதில் கால்வாசி, 8,000, சேருங்கள். மிஞ்சுவது 5,000. அதுதான் நீங்கள் கொடுக்கக்கூடிய விலை. விற்பவர் 15,000 கேட்பார், தான் 20,000 போட்டதாகச் சொல்வார். அது உண்மையாகவே இருக்கலாம். அவர் போட்ட பணம் வண்டியின் மதிப்பாகிவிடாது.

வேலை முழுவதையும் பட்டறைக்குக் கொடுப்பதென்றால் கணக்கே வேறு. முழுசாகப் பிரித்துச் செய்ய 1,000 மணி நேர உழைப்பு என்பது இந்தத் துறையில் வழக்கமாகச் சொல்லும் அளவு. மணிக்கு 100 டாலர் என்றாலே கூலி மட்டும் 1 லட்சம் டாலர். மிக அரிதான வண்டிகளைத் தவிர வேறெதற்கும் இது கட்டாது. 2014-ல் 1971 ஹெமி குடா கன்வர்ட்டிபிள் ஒன்று மீகம் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. குடா என்பது பாரக்குடாவின் உயர்ந்த மாடல்; அந்தச் செய்தியைக் காட்டி, 318 கன அங்குலச் சாதாரண எஞ்சின் வைத்த பாரக்குடாவை விற்க வருவார்கள். அந்த இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

எங்கே தேடுவது?

1954-லிருந்து வரும் ஹெம்மிங்ஸ் இதழும் அதன் இணையதளமும், பென்சில்வேனியாவின் கார்லைல் நகரச் சந்தைகள், அந்தந்த மாடலுக்கான கிளப்கள். கிளப்பில் சேருவதுதான் என் முதல் யோசனை. விளம்பரத்துக்கு வராத வண்டிகள் அங்கேதான் தெரியவரும். வண்டி பார்க்க உங்களோடு வருவதற்கு அனுபவசாலி ஒருவரும் கிடைப்பார். பெரிய ஏலங்களில் பாதி வேலை வண்டியை வாங்காதீர்கள், படுத்துப் பார்க்க நேரம் இருக்காது.

வண்டிக்காரர் இறந்துவிட்டார், மனைவி விற்கிறார். எப்படிப் பேசுவது?

நிறைய வண்டிகள் இப்படித்தான் வருகின்றன. அந்த அம்மாவுக்கு விலையும் தெரியாது, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்றும் தெரியாது. உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள். அரிய கார்புரேட்டர் அலமாரியில் இருப்பதைப் பார்த்தால் அதன் மதிப்பைச் சொல்லிவிட்டுப் பிறகு விலை பேசுங்கள். தெரியாதவரிடம் தட்டிப் பறித்து வாங்கிய வண்டி எனக்கு வேண்டாம்.

சட்டப்படி பார்த்தால், டைட்டில் இறந்தவர் பெயரில் இருக்கும். சொத்தை விற்கும் அதிகாரம் யாருக்கு என்று காட்டும் நீதிமன்றக் காகிதம் வேண்டும். பிள்ளைகள் சம்மதிக்கிறார்களா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ரசீதுகள், டைரி, புகைப்படங்கள் கொண்ட கோப்பு இருக்கிறதா என்று மறக்காமல் விசாரியுங்கள். வீட்டைக் காலி செய்யும்போது முதலில் குப்பைக்குப் போவது அவைதான்.

வீட்டு கராஜிலேயே செய்ய முடியுமா?

நிறையப் பேர் செய்கிறார்கள். முழு வண்டி நிற்கும் இடத்தில் பிரித்த வண்டி அடங்காது, இரண்டு வண்டிக்கான இடமாவது வேண்டும். மிக் வெல்டர், கம்ப்ரஸர், எஞ்சின் ஸ்டாண்ட் தேவைப்படும். வாடகை வீடு என்றாலும் குடியிருப்போர் சங்க விதிகள் உள்ள பகுதி என்றாலும் முதலில் அனுமதி கேளுங்கள். ஓடாத வண்டியை வெளியில் நிறுத்த பல ஊர்களில் தடை இருக்கிறது.

உடல்நலம் பற்றி ஒன்று, இதில் எந்தச் சமரசமும் வேண்டாம். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும், பழைய பிரேக் லைனிங்கிலும் கிளட்ச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் இன்றைய கார் பெயின்ட்டில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அது நுரையீரலில் நிரந்தர ஆஸ்துமாவை உண்டாக்கும், வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி இல்லாமல் அதை அடிக்கக் கூடாது. வீட்டோடு ஒட்டிய கராஜில், உள்ளே குழந்தைகள் இருக்கும்போது அடிக்கவே வேண்டாம். பெயின்ட்டை மட்டும் வெளியே கொடுத்துவிடுங்கள்.

ஓடாத வண்டிக்கு இன்சூரன்ஸ் உண்டா?

உண்டு. பழைய கார்களுக்கான நிறுவனங்கள் வேலை நடக்கும் வண்டிக்கென்று தனியாகத் தருகின்றன. மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசியாக எடுங்கள். பாகங்கள் சேரச்சேர அந்தத் தொகையை ஏற்றிக்கொண்டே வாருங்கள். தீயோ திருட்டோ வந்தால் ரசீதுகள் வேண்டும்.

வாங்கியாயிற்று. எப்படிக் கொண்டுவருவது, எதில் ஆரம்பிப்பது?

சக்கரம் உருளுமா, ஸ்டீயரிங் திரும்புமா, பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று முன்பே கேளுங்கள். ஓடாத வண்டிக்கு லாரிக்காரர்கள் கூடுதல் கட்டணம் வாங்குவார்கள், மறைத்தால் ஏற்ற மறுப்பார்கள். வாடகை டிரெய்லரில் நீங்களே ஏற்றுவதானால் கையால் சுற்றும் வின்ச் கொண்டுபோங்கள். பானெட், கதவு போன்றவற்றைச் சும்மா மேலே வைத்துவிட்டு நெடுஞ்சாலையில் வராதீர்கள், காற்று தூக்கி எறிந்துவிடும். பெட்டிகளுக்குத் தனி வேன். எல்லாப் பெட்டிகளும் வண்டியோடு அதே நாளில் வந்தாக வேண்டும், "அடுத்த வாரம் தேடித் தருகிறேன்" என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் எதையும் பிரிக்காதீர்கள். முதல் வாரத்திலேயே டைட்டிலை உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். அப்புறம் எல்லாப் பெட்டிகளையும் தரையில் கொட்டி, மேனுவலோடு ஒப்பிட்டு, இருப்பதையும் இல்லாததையும் எழுதுங்கள். கதவு, மட்கார்டு, பானெட், டிக்கி மூடி எல்லாவற்றையும் தற்காலிகமாக மாட்டி இடைவெளிகளைப் பாருங்கள். வாங்கிய புதிய தகடு எதையும் வெல்டிங் செய்யும் முன் இதே மாதிரி மாட்டிப் பார்க்க வேண்டும், ஒரே அளவில் வருவதே இல்லை. அந்த வேலை முடிகிற வரை பெரிய பாகம் எதற்கும் ஆர்டர் போடாதீர்கள். எஞ்சின் மூலையில் மூடி இருக்கட்டும்.